முட்டை கொடுத்த தாய்

அன்று அலுவிகாரை ஊரிலிருந்த எங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும் நானும் இருந்தோம். அக்காவின் கணவரான அத்தான் இல்லை. "யாரு பெத்ததோ, அத அனுப்பிட்டுச் சொல்லுங்க, வர்றேன்" என்று கோபித்துக்கொண்டு போயிருந்தார். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. போர் நடந்த வடக்கில் ஷெல் குண்டு விழுந்து தாயை இழந்த ஒரு கைக்குழந்தையை, எங்களுக்குத் தெரிந்தவர்கள் அவளிடம் கொடுத்திருந்தார்கள். மறுநாள் அதைத் திருப்பி அனுப்புவதாக முடிவாகியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் வரை படித்தவன் நான். கெம்பஸ் பரீட்சைக்காக, மரபணு மாற்றிய எலிகளை உருவாக்கும் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளையாரு வாகனத்தையுமா விடமாட்டீங்க?" என்றாள் அம்மா.

அக்காவின் முகம் கொஞ்சம் தெளியட்டும் என்று விளக்கினேன். "ஒரு எலிகிட்ட இருந்து கருமுட்டைய எடுப்பாங்கக்கா. மெல்லிய கண்ணாடி ஊசியால வேற மரபணுவ அதுக்குள்ள ஏத்தி, இன்னொரு எலி வயித்துல வைப்பாங்க. அது குட்டி போட்டு, தன்னோடதுன்னே பால் குடுக்கும்."

"முட்டை குடுத்தவ?"

"அகற்றிடுவாங்க." புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

"அப்படின்னா? எங்க கொண்டுபோய் விடுவாங்க?"

அந்தச் சொல்லை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. "கொன்னுடுவாங்கக்கா. கொன்னுட்டுத்தான் முட்டையவே எடுப்பாங்க."

அக்கா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, இவ எங்கயும் போகமாட்டா. அவருகிட்ட சொல்லிருங்க."

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. 'அகற்றப்படும்' என்று எழுதக் கை வரவில்லை. 'கொல்லப்படும்' என்றே எழுதினேன்.

அத்தான் பிறகு வரவேயில்லை. அந்தக் குழந்தைக்காக அக்கா கொடுத்தது, தன் கல்யாண வாழ்க்கை முழுவதையும்.