ஆத்தா கொடுத்த கொயினா

இன்று காலை வேலைக்குப் போகுமுன் பெரட்டில் ஆள் எண்ணி முடித்ததும், தோட்டத்து ஆஸ்பத்திரியின் வயசான டிரெசர் ஐயா என் கையில் குளிர்காய்ச்சலுக்கான கொயினாத் தூளைத் தட்டினார். அந்தக் கசப்பு நாக்கில் பட்டதும் அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்போது தேவிகுளம் பக்கம் இதே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் நான் சின்னப் பிள்ளை. ஒருநாள் விட்டு ஒருநாள் அப்பாவைக் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போடும். எத்தனை கம்பளி போர்த்தினாலும் பல் கிட்டும். டிரெசர் கொடுக்கும் கொயினாவைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய், தேயிலைச் செடி மறைவில் துப்பிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் அப்படித்தான்.

"தீச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டியிருக்கேன். மாரியாத்தா பாத்துக்கிடுவா" என்பார்.

ஒருநாள் அம்மா டிரெசரிடம் கொயினாப் பொட்டலம் வாங்கி, நேரே கோயில் பூசாரியிடம் கொடுத்தாள். அவர் அதை ஆத்தா காலடியில் வைத்துச் சூடம் காட்டி, திருநீற்றோடு சேர்த்து அப்பா கையில் போட்டார். வாயில் போட்டதும் அப்பாவின் முகம் கோணியது. வாசல் பக்கம் திரும்பினார்.

"ஏலே, ஆத்தா குடுத்ததையா துப்பப் போற?" என்றார் பூசாரி.

அப்பா கண்ணை இறுக மூடி விழுங்கினார். "ஆத்தா, உனக்கு என்மேல இம்புட்டுக் கோவமா?" என்று கேட்டார். அம்மா சிரிப்பு வெளியே தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தினமும் அதே பிரசாதம். காய்ச்சல் நின்றது. திருவிழாவில் அப்பா ஆடிக்கொண்டே தீச்சட்டி எடுத்தார். அதன்பின் பெரட்டிலும் கொயினாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாயில் போடுவார்.

இன்று என் கையும் தானாகக் கண்ணுக்குப் போனது. டிரெசர் சிரித்துவிட்டார்.

"உங்கப்பன் மாதிரியே செய்யிற!"

"பின்னே, துப்ப முடியாதுல்லா ஐயா?" என்று விழுங்கினேன்.