வால் ஆடுகிறதா என்று பாருங்கள்

முதலில் நின்றது சத்தம்தான்.

எங்கள் வீட்டுக் கூண்டில் இரண்டு பறவைகள் இருந்தன. ஊரில் எல்லோரும் ‘லவ் பேர்ட்ஸ்’ என்பார்கள். சரியான பெயர் பட்ஜி. பச்சை ஆணுக்கு நான் வைத்த பெயர் சரவெடி. விடிந்ததிலிருந்து அடையும்வரை ஓயாமல் பொரிந்துகொண்டே இருப்பான். மஞ்சள் பெண்ணுக்கு என் மனைவி செல்வி வைத்த பெயர் பூச்சட்டி. அவள் பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைப்பவள். வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்றாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு ரொம்பவும் அமைதியாகிவிட்டது என்று அவள்தான் இரண்டையும் வாங்கி வந்தாள்.

ஒரு காலையில் பூச்சட்டி கூண்டின் தரையில் விறைத்துக் கிடந்தாள். அந்த மாதம் முடிவதற்குள் சரவெடியும் சத்தம் நின்று நமத்துப்போனான்.

பறவை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறேன். எதையும் கேலி பேசியே பாதி ஆயுளை ஓட்டியவன். அந்த மாதம் எங்கள் வீட்டில் இரண்டு உயிர்களுக்கு மூச்சு கெட்டிருந்தது. நான் ஒன்றைத்தான் கவனித்தேன். அதையும் தாமதமாக.

சரவெடி பஞ்சு உருண்டை மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்கள் பாதி மூடியிருந்தன. நலமாக இருக்கும் பட்ஜி ஒரு காலை மடக்கி, ஒற்றைக் காலில்தான் தூங்கும். இவன் இரண்டு கால்களாலும் குச்சியைப் பிடித்திருந்தான், விழுந்துவிடாமல் இருப்பதற்காக. பிறகு அந்த வால். ஒவ்வொரு மூச்சுக்கும் அடிபம்புக் கைப்பிடி மாதிரி மேலும் கீழும் ஆடியது.

“தாளம் போடுறான் பாரு” என்றேன் செல்வியிடம். அது தாளம் இல்லை. மூச்சுத்திணறல்.

நோயைப் பார்க்காமல் இருக்க எங்களிடம் காரணங்கள் தயாராக இருந்தன. முதல் காரணம், வெடி. எங்கள் பக்கம் பட்டாசு கம்பெனிகள் நிறைய; எங்கேயாவது ஒரு சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து எந்தத் திசை என்று பார்ப்போம். புகை தெரிகிறதா என்று பார்ப்போம். அந்தத் திசையில் வேலைக்குப் போயிருப்பவர்களை மனதுக்குள் எண்ணுவோம். மனிதர்களே இப்படி என்றால் பறவை மிரளாதா? சீசன் நேரம், டெஸ்டிங் வெடி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பயந்திருக்கிறான் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது காரணத்தைப் பறவை விற்ற கடைக்காரர் கொடுத்தார்.

“ஜோடி போயிருச்சுல்ல அண்ணாச்சி, ஏங்குது. லவ் பேர்ட்ஸ்னா சும்மாவா? இன்னொண்ணு வாங்கி உள்ள விடுங்க. சரியாயிரும்.”

“பொருத்தம் பாக்கணுமா? ஜாதகம் இருக்கா ஒங்ககிட்ட?” என்றேன்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ‘லவ்’ என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது; நெஞ்சில் நோயோடு உட்கார்ந்திருந்தவனைக் காதல் தோல்வி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது காரணம் என் தொழில். கூண்டின் அடியில் விரிக்க அச்சகத்திலிருந்து காலண்டர் வேஸ்ட் சீட் கொண்டுவருவேன். எங்கள் ஊரில் அலமாரி, டிரங்குப்பெட்டி, தீப்பெட்டி அளவு ஜன்னல் என்று எதை மறைக்கவும் அதுதான். சாமி படம் கூடாது, எச்சம் படும் என்று செல்வி கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் சீனரி படம். பச்சை மலை, பச்சை வயல். நல்ல பறவையின் எச்சம் கரும்பச்சைச் சுருளாக, மேலே வெள்ளையாக இருக்கும். சரவெடியின் எச்சம் என்றைக்கு வெறும் பச்சைத் தண்ணீராக மாறியதோ, அந்த வயலுக்குத்தான் தெரியும்.

அவன் குச்சியை விட்டுத் தரைக்கு இறங்கிய காலையில்தான் எனக்குப் பதற்றம் பிடித்தது. பிடித்தது என்றால் சாதாரணமாக இல்லை. கூண்டுக்குப் போர்வை போர்த்தினேன். பிறகு எடுத்தேன். செல்போனில் நாலு வீடியோ பார்த்தேன். நாலும் நாலு விதமாகச் சொன்னதால் எனக்கும் மூச்சு வாங்கியது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கிளிப்பை (விரலில் மாட்டினால் ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் கருவி) தேடி எடுத்து, அதைச் சரவெடியின் எந்த விரலில் மாட்டுவது என்று உண்மையிலேயே யோசித்தேன். கடைசியில் என் விரலில் மாட்டிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“பறவைக்குச் சீக்குன்னா ஒங்களுக்கு எதுக்குக் கிளிப்பு?” என்று செல்வி கேட்டாள். அன்றைக்குக் கம்பெனி வேனை விட்டுவிட்டு என்னோடு கிளம்பினாள். “இதுவும் போயிட்டா இந்தக் கூட்டைத் தூக்கி எறிஞ்சிருவேன். இனிமே உசுருள்ளது எதுவும் வேண்டாம்.” சொல்லி முடிப்பதற்குள் இருமினாள்.

விருதுநகரில் கால்நடை மருத்துவர் ஒரு பெண். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆடுகள். மருத்துவர் சரவெடியைத் துணியோடு உள்ளங்கையில் எடுத்தார்.

“எத்தனை நாளா?”

“நேத்துல இருந்துதான் டாக்டர்.”

“நேத்தா? இங்க தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். நெஞ்சில் சதை இல்லை. எலும்பு கத்தி முனை மாதிரி நின்றது.

“இதுங்க நோயை மறைக்கும். நோஞ்சான்னு தெரிஞ்சா மத்தது கொத்தும், பருந்து தூக்கிரும். அதனால நிக்க முடியற வரைக்கும் நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். உங்க கண்ணுக்குத் தெரியறப்போ அதால இனிமே மறைக்க முடியலன்னு அர்த்தம்.”

கிளிக்காய்ச்சலாக இருக்கலாம் என்றார் (கிளி இனப் பறவைகளின் நுரையீரலைப் பிடிக்கும் தொற்று, காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதர்களுக்கும் வரும்). பூச்சட்டியும் அதில் போயிருக்கலாம். இங்கே சோதித்து உறுதிசெய்ய வசதியில்லை, காத்திருக்கவும் நேரமில்லை, மருந்தை ஆரம்பிக்கிறேன் என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“வீட்டுல யாருக்காவது இருமல், காய்ச்சல் இருக்கா?”

நான் உடனே இருமினேன். “எனக்கு இருக்கு டாக்டர்.”

“எப்ப இருந்து?”

“இப்பதான். நீங்க கேட்டதுல இருந்து.”

ஆட்டுக்காரர் சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. செல்வி கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கூண்டைச் சுத்தம் பண்றது யாரு?”

“நாந்தான்” என்றாள் செல்வி.

“தீவனக் கிண்ணத்துல மேல உமி நிக்குமே, அதை என்ன பண்ணுவீங்க?”

“ஊதிருவேன்.”

மருத்துவரின் பேனா நின்றது. இருவரும் ஒரு தடவை மனுஷ டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார். நான் தலையாட்டினேன். என்னைப் பற்றித்தான் கவலையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் கிளிப்பை மாட்டினேன். எனக்கு ஒன்றுமில்லை. விளையாட்டுக்குத்தான் செல்வியின் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றைந்துக்குக் குறையக்கூடாத எண், தொண்ணூற்றைத் தொட்டுவிட்டு இன்னும் கீழே இறங்கியது.

“மருந்துக் கை. அது சரியாக் காட்டாது” என்று உருவப் போனாள்.

வெளியூர்க்காரர்களுக்கு மருந்து என்றால் மாத்திரை, டானிக். எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பட்டாசுக்குள் போகும் பொடி. செல்வியின் நகக்கண்களில் அலுமினியப் பொடி வருடக்கணக்காக ஊறியிருக்கிறது. வேலைவிட்டு வந்து இருமினால் மருந்து. கண் எரிந்தால் மருந்து. தலை வலித்தால் மருந்து. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எந்த நோயும் ஒளிந்துகொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவச் சொன்னேன். கழுவினாள். மறுபடி மாட்டினேன்.

அதே எண்.

அப்போதுதான் அவள் தோள்களைப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின. சரவெடியின் வால் மாதிரி.

“எப்ப இருந்து?”

“சீசன் முடியட்டும்னு இருந்தேன்.”

“எங்கிட்டச் சொல்லக்கூடாதா?”

“சொன்னா நீங்க எனக்கு முன்னாடி படுத்துருவீக.”

அது உண்மை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு நிமோனியா என்றார்கள் (தொற்றால் நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்வது). வீட்டில் பறவை இருப்பதையும், அதற்கும் இதே பாடு என்பதையும், உமி ஊதியதையும் சொன்னேன். டாக்டர் தலையை நிமிர்த்தினார். “இதைச் சொன்னது நல்லதாப் போச்சு. இல்லன்னா வேற மருந்துல ஆரம்பிச்சிருப்போம்.” பறவையால்தானா, கம்பெனித் தூசியாலா, இரண்டாலுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அவளை ஆக்சிஜனில் வைத்திருந்த நாட்களில் வார்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், “யாருக்கு என்ன?” என்று கேட்டார். ஏதாவது கேலியாகச் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

இடையிடையே வீட்டுக்கு ஓடினேன். கூண்டின் ஒரு பக்கம் குண்டு பல்பு எரியவிட்டேன். குளிர்ந்தால் பக்கத்தில் வரட்டும், சுட்டால் தள்ளிப் போகட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, எச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்து, தூசி கிளம்பாமல் துடைத்தேன். சொட்டு மருந்தை அலகின் ஓரத்தில் வைத்தேன். நேராகத் தொண்டையில் விட்டால் புரையேறும். இருவருக்கும் ஒரே குடும்பத்து மருந்து. ஒன்றை அலகிலும் மற்றதை உள்ளங்கையிலும் கொடுத்தேன். சரவெடி கடித்தான். செல்வி திட்டினாள். இரண்டும் நல்ல அறிகுறி.

பறவைக்குப் பல வாரங்கள் கொடுக்க வேண்டும், தேறியதுபோல் தெரிந்தாலும் நடுவில் நிறுத்தக்கூடாது. அடியில் விரிக்க வெள்ளைத்தாள் தேடினேன். ஊருக்கே காகிதம் அச்சடிக்கிறோம். என் வீட்டில் ஒரு வெறுந்தாள் இல்லை. அச்சகத்தில் ஓரம் வெட்டிய வெள்ளைத் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். “என்ன அண்ணாச்சி, கவிதை எழுதப் போறீகளா?” என்றார்கள். பறவை எழுதும், நான் வாசிப்பேன் என்றேன். இப்போது காலையில் எழுந்ததும் செய்தித்தாளுக்கு முன்னால் அதைத்தான் வாசிக்கிறேன்.

சரவெடி பொரிய ஆரம்பித்துவிட்டான். முழுச் சரம் இல்லை. நடுநடுவே சில வெடிகள் விட்டுப்போகின்றன. செல்வி மருந்து அடைப்பதை விட்டுவிட்டு, அதே கம்பெனியில் பெட்டி ஒட்டும் பக்கம் மாறியிருக்கிறாள்.

சாயங்காலம் வேன் சத்தம் கேட்டதும் அவன் கத்துகிறான். நான் வாசலுக்குப் போகிறேன். அவள் இறங்கும்போது முகத்தை அப்புறம்தான் பார்க்கிறேன்.

“என்ன, வந்ததும் தோளையே பாக்குறீக?”

“வால் ஆடுதான்னு பாத்தேன்.”

“எனக்கா?” என்று சாப்பாட்டுக் கூடையால் ஓர் இடி இடித்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிந்தது. அதன் பின்னால் வழக்கமாக வரும் இருமலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வரவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் காது கொடுத்தபடி வாசலில்தான் நிற்கிறேன்.