எழுப்பாமல் விட்ட பகல்

அம்மா குவைத்திலிருந்து முதல் முறை லீவில் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. சித்தூர் ஜில்லாவில் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நைனாவுக்கு மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை. அது மாம்பழக் காலத்தோடு முடிந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு வேறு வழி தெரியாமல்தான் அம்மா அங்கே ஒரு பெரிய வீட்டில் வேலை செய்ய விமானம் ஏறினாள். எங்கள் பக்கத்தில் அப்போது அப்படிப் போன பெண்கள் நிறையப் பேர். இரண்டு வருஷம் அவள் எனக்கு எஸ்.டி.டி. பூத்தில் வெள்ளிக்கிழமைகளில் கேட்கும் ஒரு குரலாக மட்டும் இருந்தாள்.

வந்தவள் வெயில் படாமல் வெளுத்திருந்தாள். ஊரில் அதைப் பார்த்துவிட்டு, “நிறம் ஏறிட்ட, நல்லா கீற” என்றார்கள். சோப்பும் சென்ட்டும் வாங்கிப்போக வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “சந்தோசமா கீறியா?” அவளும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: “கீறேன்.” சொல்லிக்கொண்டே டீ போட எழுந்துவிடுவாள். அந்த ஒரு மாதத்தில் அவள் முழுசாகக் கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

லீவு முடிய ஐந்து நாள் இருந்தபோது நைனா எங்களைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாள் மலையேறிச் சாமி பார்ப்பது, மறுநாள் எனக்கு. அப்படித்தான் பேச்சு. அந்த மறுநாளுக்கு நான் எப்போதோ திட்டம் போட்டு வைத்திருந்தேன். ஜூவில் சிங்கம், வெள்ளை மயில், அப்புறம் ஏசி ஓட்டலில் கண்ணாடிக் கப்பில் ஐஸ்கிரீம். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியும் ஆயிற்று. சிங்கம் எப்படிக் கொட்டாவி விட்டது என்பதைக்கூடப் போவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

முதல் நாள் பூராவும் க்யூவில் போனது. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் லாட்ஜில் குளித்து, புது கவுன் போட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அம்மா எனக்குத் தலை வாரிப் பூ வைத்தாள். “அஞ்சு நிமிசம் சாஞ்சிக்கிறேன் பாப்பா” என்று கட்டிலில் படுத்தாள். சீப்பு கையிலேயே இருந்தது. அப்படியே தூங்கிப்போனாள்.

அஞ்சு நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் அம்மாவின் விரல்களைப் பிரித்துச் சீப்பை எடுத்து ஜன்னலில் வைத்தார். வெயில் முகத்தில் விழாமல் ஒரு துண்டை ஜன்னலில் மாட்டினார். பிறகு கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“எழுப்பு நைனா.”

“இரு, தூங்கினுகீறா இல்ல.”

“சிங்கம் பாக்கணும்.”

“சிங்கம் எங்க போவப்போவுது?”

அவர் வெளியே போய் எலுமிச்சை சாதப் பொட்டலம் வாங்கி வந்தார். காகிதம் சலசலக்கும் என்று என்னை வராண்டாவில் உட்காரவைத்துத் துன்னச் சொன்னார். கீழே ரோட்டில் மொட்டைத் தலைகளும் ஆட்டோக்களும் போய்க்கொண்டே இருந்தன. திருப்பதிக்கு வந்த எல்லோரும் எங்கேயோ போகிறார்கள், நான் மட்டும் ஒரு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது.

மதியம் லாட்ஜ் ஆள் வந்து, “ரூம் காலி சேயாலண்டி” என்று சத்தமாகச் சொன்னான். நைனா வாயில் விரலை வைத்து, அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு கீழே போனார். ரூமை இன்னும் கொஞ்ச நேரம் விடச் சொல்லிக் கெஞ்சத்தான் போனார் என்று எனக்குத் தெரியும். இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது. உள்ளே போனேன். மேஜைமேல் எவர்சில்வர் சொம்பு இருந்தது. அதை விளிம்புவரை நகர்த்தித் தள்ளிவிட்டேன். தரையில் விழுந்து கணகணவென்று உருண்டது.

அம்மா துள்ளி எழுந்தாள். எழுந்தாள் என்பதைவிட, நின்றாள் என்று சொல்லவேண்டும். கண் திறக்கும் முன்பே கட்டிலுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றாள். “ஐவா மேடம், ஐவா” என்றாள். அரபியில் ‘ஆமாம்’ என்று அர்த்தமாம். நான் கேட்டிராத குரல். அவசர அவசரமாகத் தலைமுடியை இழுத்து மறைத்துக்கொண்டு, போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்து வைத்துவிட்டு முந்தானையாலேயே மேஜையைத் துடைத்தாள். என்னைப் பார்த்தாள், ஆனால் அவள் கண்ணில் நான் இல்லை.

படியேறி வந்த நைனா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏம்மே,” என்றார் மெதுவாக. “இது திருப்பதி. நாங்க தான்மே.”

அவள் துடைப்பதை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

“டைம் இன்னா?”

“டைம் நெறைய கீது. படு.”

“பாப்பா ஜூக்குப் போவணும்னு…”

“படும்மே.”

என்னையும் இழுத்து அணைத்துக்கொண்டு படுத்தாள். நான் கட்டைமாதிரி விறைத்துக்கொண்டு கிடந்தேன். உருண்ட சொம்பை நைனா எடுத்து வைத்தார். யார் தள்ளியது என்று அவர் கேட்கவில்லை. அது அடி வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. என் கழுத்தில் அம்மாவின் மூச்சு சீராக வர ஆரம்பித்தது. நாலரை மணிக்குத்தான் அவளாக எழுந்தாள். ஐந்து மணிக்குச் சித்தூர் பஸ்.

பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். “அடுத்த தபா வரசொல்லோ சிங்கம் பாக்கலாம்” என்றாள் அம்மா.

“அப்பவும் தூங்குவ.”

“தூங்கமாட்டேன்னு எப்படி சொல்றது?” என்றாள், நிஜமாகவே தெரியாதவள்போல.

வீட்டில் பெரியம்மா, “திருப்பதி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“இத்தினி சந்தோசமா நான் என்னிக்கும் இருந்ததில்லக்கா.”

“பொய்! பொய் சொல்றா!” என்று நான் கத்தினேன். “எதுவுமே பாக்கல! தூங்கினே இருந்தா!”

பெரியம்மா சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை. இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறவளோடு பேசுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். மூன்று நாள் அந்த முடிவில் நின்றேன்.

கிளம்புகிற நாள் மதியம் மெட்ராஸ் போகும் வேன் தெருமுனையில் வந்து நின்றது. பெட்டியைத் தூக்கும் சத்தம் கேட்டதும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் வந்து என்னை உலுக்கட்டும், அழட்டும், சிங்கத்துக்கு மன்னிப்புக் கேட்கட்டும். அதற்கப்புறம் வேண்டுமானால் பேசலாம்.

அவள் வந்தாள். தரையில் உட்கார்ந்தாள். அவள் கை என் தலைக்கு மேலே வந்து, தொடாமல் நின்றதை உணர்ந்தேன்.

“பாப்பாவ எழுப்பட்டா?” என்றார் நைனா.

“வாணாம்,” என்றாள் அம்மா. அவள் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. “நல்லா தூங்கினுகீறா. எழுப்பாத.”

வேன் போகும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லி என்னை எழுப்பக்கூட அவளுக்கு மனசு வரவில்லையே என்று அன்று முழுவதும் பெரியம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். தனக்குத் தெரிந்ததிலேயே பெரிய சந்தோஷத்தை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவள் போனாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.