லஸ்மினி கேட்ட மறுசோதனை

பு லஸ்மினியை நான் முதலில் சந்தித்தது அவர் என்னோடு சண்டைக்கு வந்த அன்றுதான். (எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாக 'பு' என்போம், ஆண்களை 'பாக்'.) இந்தோனேசியாவில் கெடிரிக்குப் பக்கத்தில் எங்கள் நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வம்சத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்த மிடுக்கு இறங்காத நேரம். தெம்பே, அதாவது பூஞ்சை சேர்த்து உறையவைத்த சோயாக் கட்டி, வைத்த வாழையிலைப் பொதி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு லஸ்மினி வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டார்.

"பாக் ஹெரு, இலையில கட்டுன தெம்பே சீக்கிரம் கெட்டுப்போகும்னு போர்டுல ஒட்டியிருக்கீங்களே, யாரு சொன்னது?"

"நான் சொல்லல, பு. சோதனை சொல்லுது."

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த சோதனை. அவித்த சோயாவில் பூஞ்சைத் தூள் கலந்து, பாதியை இலையிலும் பாதியைப் பிளாஸ்டிக்கிலும் கட்டினார்கள். மூன்றாம் நாள் இலைத் தெம்பே கொழகொழத்து நாறியது. தலைமையாசிரியை பு எண்டாங் அதைப் படித்துவிட்டு, திங்கள் முதல் கேண்டீனில் இலைத் தெம்பே கூடாது என்றுவிட்டார். அங்கே தெம்பே பொரித்து விற்பவர் லஸ்மினி. முப்பத்தோரு வயது, ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு, இரண்டு பெண் பிள்ளைகள். இலையில் கட்டி வீட்டிலேயே செய்வதுதான் அவர் பிழைப்பு.

"எங்க வச்சீங்க?"

"பிளாஸ்டிக்கை மேசைமேல. இலைக்கு எறும்பு வருதுன்னு அதை மட்டும் அலமாரி உச்சியில."

அண்ணாந்து பார்த்தார். அலமாரிக்கு ஒரு முழம் மேலே தகரக் கூரை.

"நல்லா இருக்கே! அங்க என் புருஷனை உக்கார வச்சாக்கூட மூணு நாள்ல நாறிடுவாரு. பழி மட்டும் இலைக்கா?"

வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் வியர்த்தது. கட்டும் பொருளை மட்டும் மாற்ற வேண்டிய சோதனையில் சூட்டையும் சேர்த்து மாற்றியிருந்தோம். எது கெடுத்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

மறுநாளே மறுபடி ஆரம்பித்தோம். ஒரே பானையில் வெந்த சோயா, ஒரே தூள், ஒரே எடை. இருபது பொதி: இலையில் பத்து, பிளாஸ்டிக்கில் பத்து. இரண்டிலும் சரிபாதி மேசைக்கு, சரிபாதி அலமாரி உச்சிக்கு. எறும்புக்காக மேசைக்கால், அலமாரிக்கால் எல்லாவற்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார் லஸ்மினி. பிள்ளைகள் பிளாஸ்டிக்கில் ஓட்டை போட மறந்தபோது அதட்டியதும் அவர்தான்.

"நான் ஜெயிக்கணும்னு உள்ள இருக்கிற பூஞ்சை மூச்சுமுட்டிச் சாகணுமா? குத்துங்கடி ஊசியை!"

மூன்றாம் நாள் உறைகளைப் பிரித்து, இலைத் தடம் காட்டிக்கொடுக்காதபடி ஓரங்களை வெட்டி எறிந்து, எண் போட்ட தட்டுகளில் வைத்தோம். எது எதிலிருந்து வந்தது என்று பு எண்டாங்கிடம் சொல்லவில்லை. அவர் ஒவ்வொன்றாக முகர்ந்து, பத்துத் தட்டுகளை மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளினார். மற்ற பத்தும் நன்றாக இருக்கிறது என்றார்.

நான் பட்டியலைப் படித்தேன். தள்ளிய பத்தும் அலமாரி உச்சியில் இருந்தவை. இலை ஐந்து, பிளாஸ்டிக் ஐந்து. நல்ல பத்தும் மேசையில் இருந்தவை. அதிலும் ஐந்துக்கு ஐந்து.

"அப்போ இலைமேல தப்பே இல்லையா?" என்றார் பு எண்டாங்.

"தகரத்துமேலதான் தப்பு, பு. வேணும்னா அதைக் கேண்டீனுக்குள்ள விடாதீங்க," என்றார் லஸ்மினி.

பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். பு எண்டாங்கும் சிரித்துவிட்டார். "திங்கக்கிழமை உங்க இலையோடயே வாங்க, லஸ்மினி."

இது நடந்து நான்கு வருடம். லஸ்மினி இன்னும் எங்கள் கேண்டீனில்தான் இருக்கிறார்; பக்கத்தில் உள்ள இரண்டு பள்ளிகளுக்கும் அவர் வீட்டு இலைத் தெம்பேதான் போகிறது.