வாளைக் கேட்ட ஸ்டெல்லா

செய்தி சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பூக்கடை ஒன்றில் வந்தது. ஞாயிறு காலை. ஸ்டெல்லாவின் அண்ணன் பெரிய மாலையோடு நின்றிருந்தார். "யாருக்குண்ணே கல்யாணம்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஸ்டெல்லா போயிட்டா தம்பி. டெங்கி. மூணே நாள். நாளைக்கு மதியம் அடக்கம்."

அவளுக்கு இருபத்து நான்கு வயது.

பாலிடெக்னிக்கில் அவளோடு மாலை வகுப்பில் படித்தவர்களுக்கு அவளைத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மணிக்குக் கணினி அறையில் நீங்கள் தாராளமாக உட்காரும் நாற்காலி சும்மா கிடைத்ததல்ல.

அந்த அறையில் ஆறு திரைகள். ஆறும் ஒரே பெரிய இயந்திரத்தோடு இணைந்தவை. அதில் ஒரு விளையாட்டு. படம் கிடையாது, பச்சை எழுத்துகள் மட்டும். ஆளுக்கொரு பெயர் வைத்து வீரர்களாக வேடமேற்று, ஆறு பேரும் ஒரே காட்டுக்குள் நுழையலாம். 'வடக்கே போ', 'வாளை எடு' என்று ஆங்கிலத்தில் தட்டினால் நடக்கும். பக்கத்து நாற்காலிக்காரன் உங்களைத் திரைக்குள் வெட்டிச் சாய்க்கலாம். அறையின் சட்டம் ஒன்றுதான்: செத்தவர் எழுந்து இடம் விட வேண்டும்.

கேட்டால் நியாயமாகத் தோன்றும். ஆனால் பகல்நேர மாணவர்கள் நான்கு மணிக்கே உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் வேலை முடிந்து ஆறு மணிக்கு ஓடிவருவோம், ஏழுக்கு வகுப்பு. யாராவது டீ குடிக்க எழுந்தால் எங்களுக்கு இடம். இரண்டு நிமிடத்தில் எங்களைக் கொன்று இடத்தைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். பாடத்துக்கான பயிற்சியையும் அதே திரைகளில்தான் செய்ய வேண்டும். நாற்காலி இல்லாவிட்டால் தேர்வில் தோல்விதான்.

என் முதல் நாளில், காட்டு வாசலில் ஒருவன் 'உன் வாளைக் கொடு' என்றான். கொடுத்தேன். அதே வாளால் வெட்டினான். பின்னால் நின்ற ஸ்டெல்லா குனிந்தாள்.

"ஏன் லா குடுத்த?"

"கேட்டான். குடுத்தேன்."

"அவன் என்ன உன் சூப்பர்வைசரா?"

சுருக்கென்றது. ஆனால் உண்மை. ஆங்கிலத்தில் ஓர் உத்தரவு வந்தால் யோசிக்காமல் கீழ்ப்படியும்படி எங்களை வளர்த்திருந்தார்கள். பள்ளியில் பாதி, ஃபேக்டரியில் மீதி. பகலெல்லாம் ஓர் அலுவலகத்தில் பிறர் எழுதிய எண்களைத் தட்டச்சு செய்த ஸ்டெல்லாவுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து அவள் காட்டு வாசலிலேயே காவல் நின்றாள். எங்களில் புதிதாக யார் நுழைந்தாலும் அவளே முதலில் கேட்பாள்: 'வாளைக் கொடு.' கொடுத்தால் வாங்கிக் கிணற்றில் போட்டுவிடுவாள். "எங்கிட்டயும் நோ சொல்லு. எங்கிட்ட சொல்ல முடியலன்னா அவங்கிட்ட எப்படிச் சொல்லுவ?" என்பாள். பஸ் டிப்போவில் வேலை பார்த்த கோபால் ஐந்து முறை வாளை இழந்தான். ஆறாம் முறை திரையில் 'நோ' என்று விழுந்ததும் அவள் மேசையில் தட்டிய தட்டில் காவலாளி எட்டிப் பார்த்தார்.

பிறகு அவளே சவால் விட்டாள். மூலை நாற்காலியில் இருந்த பகல்நேரத் தலைவனிடம் நேராகப் போனாள். மூன்று பேருக்கு மூன்று பேர்; எங்கள் பக்கம் அவள், கோபால், நான். ஏழு மணி அடிக்கும்போது எங்களில் ஒருவர் உயிரோடிருந்தால், ஆறிலிருந்து ஏழு வரை ஆறு நாற்காலிகளும் மாலை மாணவர்களுக்கு. அவன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான்.

அந்த மாலையை இப்போது நினைத்தாலும் விரல்கள் துடிக்கின்றன! முதல் உத்தரவு மூலையிலிருந்து வந்தது: 'மூவரும் வாளைக் கீழே போடுங்கள்.' எங்கள் திரைகளில் 'நோ', 'நோ', 'நோ' என்று அடுக்கடுக்காக விழுந்தன. சுற்றி நின்றவர்கள் கூரை அதிரக் கத்தினார்கள். ஆறரைக்குக் கோபால் விழுந்தான். "நோ சொல்லிட்டுத்தான் லா செத்தேன்!" என்று கையை உயர்த்திக்கொண்டு எழுந்தான்.

ஏழுக்கு ஐந்து நிமிடம். பாலத்தில் ஸ்டெல்லாவை எதிரிகள் மூவரும் வளைத்துக்கொண்டார்கள். அவள் வாள் உடைந்துவிட்டது. என் திரையில் அவள் எழுத்து வந்தது: 'வாளைக் கொடு.'

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சோதிக்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா? 'நோ' என்று தட்டினேன். அடுத்த வரியில் அவள் செத்தாள்.

சட்டப்படி எழுந்தாள். என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கத்தினாள்: "வடக்க ஓடு லா! வடக்க, வடக்க!" ஓடினேன். துரத்தினார்கள். ஆற்றில் குதித்தேன். மணி அடித்தது. எனக்கு உயிர் இருந்தது!

அன்று வகுப்புக்கு யாரும் நேரத்துக்குப் போகவில்லை. படிக்கட்டில் கேட்டேன்: "சோதிச்சியா?"

"இல்ல லா. பயந்துட்டேன். நிஜமாத்தான் கேட்டேன்." சிரித்தாள். "நல்லவேளை குடுக்கல. ரெண்டு பேரும் காலியாயிருப்போம்."

செய்தி கேட்ட மறுநாள், திங்கட்கிழமை, நான் வேலை பார்க்கும் தெம்பனிஸ் ஃபேக்டரியில், அடக்கத்துக்குப் போக வேண்டும் என்றேன். "கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுப் போ" என்று சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் சொன்னார். முடித்திருந்தால் மாலையாகியிருக்கும். மூன்று வருட வேலையில் முதல் தடவையாக "நோ" என்றேன். தட்டவில்லை, வாயால் சொன்னேன். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

தேவாலயத்தில் கடைசி வரிசையில் டிப்போ சீருடையோடு கோபால் உட்கார்ந்திருந்தான். "லீவு குடுத்தாங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கேக்கவே இல்ல லா. போறேன்னு சொன்னேன்."

அவள் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். அதை யாரிடமும் கொடுக்க மாட்டேன். அவளே கேட்டாலும்.