இரண்டு வரியில் நின்ற பட்டன்

மருத்துவரைப் பார்க்கக் கைபேசியிலேயே நேரம் பதியும் செயலி ஒன்றை லண்டனில் எங்கள் அலுவலகம் செய்துகொண்டிருந்தது. திரைகளை வரைவது நான். அதை நிரலாக எழுதுபவர் எதிர்மேசையில் இருந்த சென்னைக்காரர். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் வரைந்தது ஒன்று, வருவது வேறொன்று என்று நான் சண்டை பிடிப்பேன். படத்தில் பாதி விஷயமே இல்லை என்பார் அவர்.

செயலியில் தமிழும் வேண்டும் என்று மல்லுக்கு நின்றவள் நான். லண்டனிலேயே ரெய்னர்ஸ் லேன் பகுதியில் இருக்கும் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நேரம் பதிய என்னைத்தான் கூப்பிடுவார். உடம்புக்கு என்ன வருத்தம் என்று மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு அவர் இழுத்து இழுத்துப் பேசுவது எனக்குப் பொறுக்காது.

தமிழை ஏற்றிப் பார்த்த அன்று மானம் போயிற்று. ‘சந்திப்பை உறுதிசெய்’, ‘சந்திப்பை ரத்துசெய்’ என்று இரண்டு பட்டன்கள். இடம் போதாமல் இரண்டுமே ‘சந்திப்பை…’ என்று நின்றன. வெள்ளிக்கிழமைக்குள் சரிவராவிட்டால் தமிழ் இல்லாமலே வெளியிடுவோம் என்றார் மேலாளர்.

“நீளமான சொல் வந்தால் என்ன செய்யிறதெண்டு கேட்டிருக்கலாம்தானே?” என்று எதிர்மேசையில் பாய்ந்தேன்.

“எங்க கேக்கறது மேடம்? உங்க படம் ஒரு இடத்துல, என் புரோகிராம் ஒரு இடத்துல. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. நடுவில் ஒன்று இருக்கத்தான் செய்தது. வடிவமைப்பு விதிகளை எல்லாம் அலுவலகத்தாருக்காக நான் தொகுத்துவைத்த ஓர் இணையதளம். வெறும் படங்களாக இருந்ததால் யாரும் அதைத் திறப்பதில்லை.

அன்றே இருவரும் அதன் முன் உட்கார்ந்தோம். பட்டனுக்கு ஒரு பக்கம். மேலே என் படம், அதன் கீழே அவருடைய நிரலில் இருந்து நேராக வரும் உண்மையான பட்டன், பக்கத்தில் எந்தச் சொல்லையும் தட்டிப் பார்க்க ஒரு பெட்டி. சொல் நீண்டால் பட்டன் இரண்டு வரியாக வளர வேண்டும், வெட்டக் கூடாது என்று விதி எழுதினேன். அவர் ஓரிடத்தில் மாற்றினார். எல்லாத் திரைகளிலும் மாறியது.

நம்பிக்கை வராமல், அவரைத் திட்ட வைத்திருந்த நீளமான வசவு ஒன்றைப் பெட்டியில் தட்டினேன். பட்டன் அதை இரண்டு வரியில் தாங்கிக்கொண்டது. எட்டிப் பார்த்த அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

வெள்ளிக்கிழமை தமிழ் வெளியானது. அடுத்த வாரம் அம்மாவின் அழைப்பு.

“பிள்ளை, செவ்வாய்க்கிழமை டொக்டரிட்டைப் போறன். நானே பதிஞ்சிட்டன்.”

“ஏனம்மா, என்ன செய்யுது?”

“அது எனக்கும் டொக்டருக்கும் மட்டும்.”

அம்மா என்னிடம் ஒன்றை மறைத்ததற்காக நான் துள்ளிக் குதித்தது அன்றுதான். எதிர்மேசைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன்.