மடிப்பில் வெட்டிய பலகை

என் அக்கா தையல்காரி. முப்பது வருஷமாக எங்கள் வீட்டு முன்னறைதான் அவள் கடை. கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. டேப்போடேயே குளிக்கப் போய், நான் கத்தித் திருப்பிக் கூப்பிட்ட நாளெல்லாம் உண்டு. தெருவில் அவளுக்கு டேப்பக்கா என்றுதான் பேர். வேலையில் சூரப்புலி. வாய்தான், அப்பப்பா, கத்தரிக்கோல் தோற்றுவிடும்.

அந்த வாயால்தான் வந்தது வினை. அவளுடைய ஒரே மகளுக்கு ஊரின் அந்தக் கோடியில் வேலை கிடைத்தது. வேலைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்திருப்பதாக வந்து சொன்னாள். கடையில் தைத்த துணி வாங்க வந்தவர்கள் நிற்கிறார்கள். அத்தனை பேர் காதும் கேட்க அக்கா, "நீயா? தனியாவா? ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. பத்தாம் நாள் மூக்கைச் சிந்திட்டு வந்து நிப்பே பாரு" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். பெண் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று மாசம் ஆயிற்று. எனக்கு மட்டும் போன் வரும். அக்கா இந்தப் பக்கம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, ஊசியில் நூல் கோர்ப்பது போல் பாவ்லா காட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

போன வாரம் போனில், "சித்தி, ஞாயித்துக்கிழமை மதியம் கூட வேலை செய்றவங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். நீயும் வா" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அவங்களும் வரணும்னா வரட்டும்" என்றாள்.

வரணும்னா வரட்டுமாம்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்காவுக்கோ தலைகால் புரியவில்லை.

"வேற என்னடி சொன்னா?"

"தட்டு பத்தலையாம். பழத்தையும் ரொட்டியையும் பாத்திர மூடியில வெச்சுத்தான் எல்லாருக்கும் நீட்டறாளாம்."

"அப்போ பரிமாற ஒரு நல்ல பலகை செஞ்சு எடுத்துட்டுப் போறேன்."

"கடையில வாங்கேன்."

"மொத தடவ எம் பொண்ணு வீட்டுக்குப் போறேன். கடைக்காரன் செஞ்சதையா கொண்டு போவேன்? தைச்சுக் குடுக்கலாம்னா, என் தையலைக் கண்டாலே அவளுக்கு அன்னைக்குப் பேசினதுதான் ஞாபகம் வரும்."

ஒரு மர ஸ்டூல் கூடச் செய்ததில்லை இவள்! ஆனாலும் சட்டை தைக்கக் கொடுத்திருந்த கார்பெண்டரைப் பிடித்து, இழைத்த தேக்குப் பலகை ஒன்றும் வளைவு வெட்டுகிற மெல்லிய ரம்பமும் உப்புத்தாளும் வாங்கி வந்துவிட்டாள். "வார்னிஷ் அடிச்சிடாதீங்கம்மா, சாப்பாடு படுற பலகை. எண்ணெய் தேய்ச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியூர் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை கடைக்கு லீவு. துணி வெட்டுகிற மேஜைமேல் பலகை. பலகை ஆடாமலிருக்க அதன்மேல் நான். ஆமாம், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பழுப்புத் தாளில் அக்கா அளவு வரைந்தாள், கச்சிதமாக வெட்டினாள், பலகை ஓரத்தில் வைத்தாள், சாக்பீஸால் கோடு போட்டாள். முப்பது வருஷத்துக் கை, ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டது. பிறகு ஒன்றரை மணி நேரம் அறுத்தாள். அவள் அறுக்க, நான் குலுங்க, ஜாக்கெட் வாங்க வந்த எதிர்வீட்டம்மா வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "நான் நாளைக்கு வரேன்" என்று திரும்பிப் போனாள்.

கடைசி இழை அறுந்தது. என்ன வளைவு! என்ன வழவழப்பு! அக்கா துண்டைக் கையில் எடுத்தாள். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, அதைப் பிரிக்கப் போனாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

துணியை இரண்டாக மடித்துப் போட்டு, பாதி அளவுத் தாளை மடிப்பில் வைத்து வெட்டுவதுதான் தையல்காரர்கள் வழக்கம். பிரித்தால் முழுசாக வரும். பழக்க தோஷத்தில் அக்கா பாதி அளவுக்குத்தான் தாள் வெட்டியிருக்கிறாள். பலகை ஓரத்தை மடிப்பு என்று நினைத்து அறுத்துத் தள்ளிவிட்டாள். கையிலிருந்தது அரைப் பலகை. ஒரு பக்கம் அழகான வளைவு, மறுபக்கம் நேர்கோடு.

நான் மேஜையிலிருந்து சரிந்து தரையில் விழுந்தே சிரித்தேன். மூச்சு வரவில்லை. "பிரிக்கா, நல்லாப் பிரி! அயர்ன் பண்ணினா வருமோ என்னமோ!" சாக்பீஸ் என் மண்டையில் வந்து விழுந்தது. அடுத்த நொடி அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் பார்த்தேன், நிஜமாகவே அழுகிறாள்.

"மிச்சத்துல இன்னொரு பாதி வெட்டி ஒட்டிடலாம்கா."

"கிழிசலுக்குத்தான்டி ஒட்டு. நான் வரலை. நீ போயிட்டு வா."

எனக்கு வந்ததே கோபம்! "அவ பலகையையா கூப்பிட்டா? உன்னைக் கூப்பிட்டிருக்கா. வரலைன்னா இனிமே இந்த வீட்டுல அடுப்புப் பத்தவைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

சாயங்காலம் வரை உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் போனோம். சின்ன வீடு, ஒரே கூடம், நாலு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் கதவைத் திறந்து, "வாங்க" என்றாள். வந்தவர்களுக்கெல்லாம் சொல்கிற "வாங்க". அக்கா செய்தித்தாள் பொட்டலத்தை நீட்டினாள். பிரித்துப் பார்த்தவள் புரட்டிப் பார்த்தாள்.

"மீதி எங்கே?"

நான் சட்டென்று குறுக்கே பாய்ந்தேன். "இப்போ இதுதான் ஃபேஷன். சுவரோட ஒட்டி வெச்சுப் பரிமாறணும். அந்த நேர்ப்பக்கம் அதுக்குத்தான்."

"அட, சூப்பரா இருக்கே ஆன்ட்டி!" என்றது தரையிலிருந்து ஒரு குரல். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

மூடுகிற வாயா அது?

"ஃபேஷனும் இல்ல, மண்ணும் இல்ல. துணின்னு நெனைச்சு மடிப்புல வெச்சு வெட்டிட்டேன். என் தப்பு" என்றாள். நிறுத்தவில்லை. "அன்னைக்குக் கடையில நாலு பேருக்கு முன்னாடி உன்னைக் கேவலமாப் பேசினதும் என் தப்புதான். அதான் நாலு பேருக்கு முன்னாடியே சொல்றேன்."

முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நானே கேட்டதில்லை.

பெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெட்டினதும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "வெட்டினதும் பிரிக்கப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்டி."

அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அம்மா தோளில் சாய்ந்து சிரித்தாள், அங்கேயே விசும்பினாள். எனக்கும் மூக்கு ஒழுகியது, மறைப்பானேன். ஒன்றும் புரியாத அந்த நாலு பேரும் கூடவே சிரித்தார்கள். சமையலில் முட்டை இருந்தது, நன்றாகவே அவிந்திருந்தது. அரைப் பலகை நறுக்கிய பழத்தோடு மூன்று தடவை சுற்றி வந்தது.

சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு, "கிளம்பலாமாக்கா?" என்றேன். "நீ முன்னாடி போ, ஏனம் கழுவிட்டு வரேன்" என்றாள்.

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடை வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லி மாளவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, மாற்றுத்துணி இரண்டு கொண்டு வரச் சொன்னாள்.

நான் நாலு எடுத்து வைத்தேன்.